முகம் தெரியாத படமும் உருவப்படம்தானா?

கேள்வி – கறுப்புவெள்ளை
வணக்கம். நைஜீரிய ஒளிப்படக் கலைஞர் ஜே. டி. ஒகாய் ஒஜெய்கெரே 1968 முதல் பல ஆண்டுகள் எடுத்த சிகையலங்காரப் படங்களை அண்மையில் பார்த்தேன். பின்னலும் நூல் சுற்றி நிமிர்த்திய கூந்தலும் சிற்பங்களைப் போல நிற்கின்றன. ஆனால் பெரும்பாலான பெண்கள் நமக்கு முதுகைக் காட்டியே இருக்கிறார்கள். இது அவர்களைக் கொண்டாடுவதா, கூந்தலை மட்டும் பிரித்தெடுத்துக் காட்சிப்பொருளாக்குவதா?

மறுமொழி – இருட்டறை
அந்த வரிசையில் ஏறக்குறைய ஆயிரம் படங்கள் உள்ளன. தெருவிலும் அலுவலகத்திலும் விழாவிலும் கண்ட அலங்காரங்களை அவர் ஏன் இப்படித் தேடித்தேடிப் பதிந்தார் என்றால், மணிக்கணக்கில் உட்கார்ந்து முடைந்த வேலை சில வாரங்களில் அவிழ்க்கப்பட்டுவிடும். படத்தில் தவிர வேறெங்கும் அது தங்காது. வகிடுகள் பிடரியிலிருந்து எப்படிக் கிளம்புகின்றன என்பது பின்னாலிருந்து பார்த்தால்தான் விளங்கும். காட்சிப்பொருள் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. கழுத்தின் நிமிர்வே அங்கு ஆளைச் சொல்லிவிடுகிறது.

மறுமொழி – ஹார்லெம் வாசகி
நைஜீரியாவின் லாகோசுக்கு அது பொருந்தலாம். நியூயார்க்கில் முகம் தேவைப்பட்டது. கூந்தலை நேராக்கிக்கொள்வதே நாகரிகம் என்று கறுப்பினத்தவரின் சொந்த இதழ்களிலேயே விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒளிப்படக் கலைஞர் குவாமே பிராத்வெயிட்டும் அவருடைய சகோதரர் எலோம்பே பிராத்தும் சார்ந்திருந்த கலைஞர் குழு, 1962 ஜனவரி 28 அன்று அந்நகரின் ஹார்லெம் பகுதியிலுள்ள பர்ப்பிள் மேனர் அரங்கில் ‘நேச்சுரலி 62’ என்ற நிகழ்ச்சியை நடத்தியது. அதில் மேடையேறிய ‘கிராண்டாசா மாடல்கள்’ என்ற கறுப்பினப் பெண்கள் ரசாயனமோ சூட்டுச் சீப்போ படாத இயல்பான சுருள்முடியுடன் வந்தார்கள். பிராத்வெயிட் எடுத்த அவர்களுடைய உருவப்படங்கள் பலவற்றில் அந்தக் கண்கள் நம்மை நேராகச் சந்திக்கின்றன. வேலையிலும் பள்ளியிலும் முடியின் இயல்பைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதைக் கலிபோர்னியா சட்டத்தால் தடுத்ததே 2019இல்தான் என்பதை நினைத்தால், அந்தப் பார்வைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது புரியும்.

மறுமொழி – ஒளிமானி
எடுக்க விரும்புவோருக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. பின்னணி வெளுப்பாக இருந்தால் கேமரா தான் உள்வாங்கும் ஒளியைக் குறைத்து, கூந்தலை வெறும் கறுப்புத் திட்டாக்கிவிடும். ஆகவே ஒளி அளவைக் கூந்தலிலும் சருமத்திலும் எடுங்கள். பின்னலுக்குப் பக்கவாட்டு ஒளி, விரித்த சுருள்முடிக்குப் பின்னிருந்து வரும் ஒளி. கேட்காமல் முடியைத் தொட்டுச் சரிசெய்ய வேண்டாம். கணினியில் சிலும்பல்களை அழிக்கவும் வேண்டாம். (பிந்தையதைச் செய்பவர்கள் எதைக் கொண்டாடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.)

கேள்வி கேட்டவர் – கறுப்புவெள்ளை
அனைவருக்கும் நன்றி. பிடரியைப் பற்றி இருட்டறை கூறியதை ஏற்கிறேன். ஆயினும் ஒஜெய்கெரேயின் தலைப்புகளில் நான் கண்டவை அலங்காரங்களின் பெயர்களே. அமர்ந்திருந்த பெண்ணின் பெயரும் முடைந்த கைக்குரியவரின் பெயரும் அவற்றில் இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை.