மறுமொழி: ஐசோஸ்பெஸ்டிக் புள்ளிக்கு "மாறாப் புள்ளி" பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

ஒரு பொருளின் இரு வடிவங்களும் ஒளியை ஒரே அளவு உறிஞ்சும் அலைநீளமே ஐசோஸ்பெஸ்டிக் புள்ளி. நம் வேதியியல் சொற்பட்டியலில் அதற்கு "மாறாப் புள்ளி" என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

பாரா-நைட்ரோபீனாலை எடுத்துக்கொள்வோம். மென்னமிலம், பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்திருக்கும் பிஎச்) ஏறக்குறைய 7.15. அமிலக் கரைசலில் புரோட்டானோடு இருக்கும் வடிவம் 317 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும். கண்ணுக்கு நிறம் தெரியாது. காரக் கரைசலில் புரோட்டானை இழந்த அயனி 400 பக்கம் உறிஞ்சும், கரைசல் மஞ்சளாகும். செறிவை மாற்றாமல் பிஎச்சை 5இலிருந்து 9 வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நிறமாலை எடுத்தால், ஒரு மேடு தாழத் தாழ மற்றது உயரும். கோடுகள் எல்லாம் 348 பக்கத்தில் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளும். அங்கே இரண்டு வடிவங்களின் மோலார் உறிஞ்சுதிறனும் (ஒரே செறிவில் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்ற அளவு) சமம். ஆகவே எந்த வடிவம் எவ்வளவு இருந்தாலும் மொத்த உறிஞ்சல் அசையாது.

அசையாதது பிஎச்சுக்கு மட்டும்தான். தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்தால் அங்கேயும் உறிஞ்சல் குறையும். அந்த அலைநீளத்தின் அருமையே அதில்தான் இருக்கிறது: பிஎச் சரியாகத் தெரியாத கரைசலிலும் மொத்தச் செறிவை அங்கே அளந்துவிடலாம். "மாறா" என்று படிக்கும் பிள்ளை, செறிவுக்கும் மாறாது என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் "சம உறிஞ்சல் புள்ளி" என்பேன். எதற்கு எது சமம் என்று பிள்ளைகள் கேட்டால் நல்லது, பாடமே அங்குதான் தொடங்குகிறது.

உறிஞ்சலுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்லும் "உட்கவர்" எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, வேதியியலை வேறு மொழியில் படிப்பவர்கள். "உறிஞ்சல்" என்றால் அவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அக்கா, நாசி கெராபு என்னும் மலாய் நீலச் சோற்றுக்குப் போடும் சங்குப்பூச் சாற்றை எடுத்துக்காட்டாகத் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அதிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறமி, பிஎச் மாற மாற இரண்டுக்கு மேற்பட்ட வடிவங்கள் எடுக்கும். கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளமாட்டா. வெட்டும் இடம் நகர்ந்தால் மூன்றாவது வடிவம் உண்டோ என்று சந்தேகிக்க அதைக் காட்டலாம். முதல் எடுத்துக்காட்டுக்கு மஞ்சளிலிருந்து நீலமாகும் புரோமோதைமால் நீலம் போதும்.

பட்டியலுக்கு என் வரைவு:

சம உறிஞ்சல் புள்ளி: ஒன்று மற்றொன்றாக மாறும் இரு வடிவங்களின் மோலார் உறிஞ்சுதிறன் சமமாக இருக்கும் அலைநீளம். மொத்தச் செறிவு மாறாதவரை, அங்கே உறிஞ்சலும் மாறாது.

திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.