புதுப்பிப்பு: உலாவி ஏற்கும் சான்றிதழை நிரல்கள் மறுத்த சிக்கல் தீர்ந்தது

உலாவியில் ஒழுங்காகத் திறக்கும் முகவரியை, மற்ற சர்வர்களில் ஓடும் நிரல்கள் மட்டும் ‘சான்றிதழை நம்ப முடியவில்லை’ என்று மறுப்பதாக முன்பு எழுதியிருந்தேன். சான்றிதழ் என்பது சர்வர் தான் யாரென்று காட்டும் டிஜிட்டல் அடையாளச் சீட்டு. மறுப்புக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது.

பாதுகாப்பான இணைப்புகளைச் சோதிக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் அந்த முகவரியோடு இணைத்துப் பார்த்தேன். சர்வர் ஒரே ஒரு சான்றிதழைத்தான் நீட்டியது. முடிவில் பிழை எண் 21, அதாவது முதல் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை. சர்வர் சான்றிதழை, நிரல்கள் ஏற்கெனவே நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் வரவே இல்லை. பல உலாவிகள் விடுபட்டதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான நிரல்களுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

இரண்டும் சேர்ந்த முழுச் சங்கிலிக் கோப்பை என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளின் அமைப்பில் கொடுத்து (முதலில் சர்வர் சான்றிதழ், அடுத்து இடைநிலை, வரிசை மாறக் கூடாது) ரீலோட் செய்ததும் இணைப்பு கிடைத்தது. மூலச் சான்றிதழை அனுப்பத் தேவையில்லை.

நிரல்களில் சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொன்னவர்களுக்கு: எதிரே இருப்பது யாரென்று தெரியாமல் குறியாக்கம் செய்து என்ன பயன்?

வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சருக்குப் பின்னால் ஒரு சர்வர் இன்னும் பழைய கோப்போடு நிற்கிறது. இன்றிரவு மாற்றுகிறேன்.