ஜெலட்டின் சைமோகிராம்: பூட்டியிருக்கும் எம்எம்பி-9 ஏன் வெள்ளைப் பட்டை தருகிறது?

ஜெல்தட்டு (கேள்வி)

எச்டி-1080 (மனிதப் புற்றுநோய்ச் செல் வகை) செல்களின் மீடியத்தை ஜெலட்டின் கலந்த 10% ஜெல்லில் ஓட்டிச் சைமோகிராம் (நொதி ஜெலட்டினைத் தின்ற இடம் சாயம் ஏறாமல் வெள்ளைப் பட்டையாகத் தெரியும் சோதனை) எடுத்ததில் மூன்று விஷயங்கள் இடிக்கின்றன.

ஒன்று: 92 கிலோடால்டனில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. அது புரோ-எம்எம்பி-9, அதாவது புரதம் வெட்டும் எம்எம்பி-9 நொதி, பூட்டாக இருக்கும் முன்துண்டு இன்னும் போகாத நிலையில். முன்துண்டு வெட்டுப்படும்வரை இந்த நொதி வேலை செய்யாது என்றுதானே பாடம்? பிறகு ஜெலட்டினைத் தின்றது யார்?

இரண்டு: கன்ட்ரோலுக்காக ஒரு லேனில் சாம்பிளோடு 10 மில்லிமோலார் ஈடிடிஏ (உலோக அயனிகளைக் கவ்வும் சேர்மம்) சேர்த்தேன். பட்டை அசையவே இல்லை.

மூன்று: பட்டை இன்னும் தெளிவாக வரட்டும் என்று, 37 டிகிரியில் ஊறவைக்கும் பஃபரில் ஜிங்க் குளோரைடை 1 மில்லிமோலார் ஆக்கினேன். எல்லாம் மங்கிவிட்டது. துத்தநாக நொதிக்குத் துத்தநாகமே ஆகாதா?

பஃபர்: 50 மில்லிமோலார் ட்ரிஸ் (பிஎச் 7.5), 150 சோடியம் குளோரைடு, 10 கால்சியம் குளோரைடு, 0.02% பிரிஜ்-35. நேரம் 18 மணி.

மூன்றாம்_ஹிஸ்டிடின்

முதல் கேள்விக்கு விடை உங்கள் ஜெல்லிலேயே இருக்கிறது: எஸ்டிஎஸ், புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் சோப்பு.

எம்எம்பி-9இன் வினைமையத்தில் துத்தநாகத்தை மூன்று பக்கம் பிடித்திருப்பவை 401, 405, 411ஆம் ஹிஸ்டிடின்கள். நான்காவது இடம்தான் சுவிட்ச். முன்துண்டிலுள்ள 99ஆம் சிஸ்டீனின் கந்தகம் அங்கே வந்து பிணைந்திருந்தால் நொதி தூங்கும். அது விலகி நீர் மூலக்கூறு வந்தால் நொதி விழிக்கும். 1990இல் வான் வார்ட், பிர்க்கடால்-ஹான்சன் இருவரும் இதைத்தான் ‘சிஸ்டீன் சுவிட்ச்’ என்றார்கள். சிஸ்டீனை விலக்க முன்துண்டை வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எஸ்டிஎஸ் மடிப்பைக் குலைக்கும்போதே அந்தப் பிடி விட்டுப்போகிறது. ட்ரைட்டானில் (எஸ்டிஎஸ்ஸை நீக்கும் மென்மையான சோப்பு) கழுவியதும் வினைமையப் பகுதி திரும்ப மடிந்துகொள்கிறது. முன்துண்டு பழைய இடத்தில் ஒழுங்காகப் போய் உட்காருவதில்லை. அதனால் எடை 92ஆகவே இருக்க, வெட்டும் வேலையும் நடக்கிறது.

வெட்டுவது அந்த நீர்தான். துத்தநாகம் அதைப் பிடித்திருக்க, பக்கத்திலுள்ள 402ஆம் குளூட்டமேட் அதிலிருந்து ஒரு புரோட்டானை இழுத்துக்கொள்கிறது. வீரியம் ஏறிய நீர் பெப்டைடு பிணைப்பின் கார்பனைத் தாக்குகிறது. அப்போது உருவாகும் நிலையற்ற இடைநிலையின் ஆக்சிஜனைத் துத்தநாகம் தாங்குகிறது. இழுத்த புரோட்டான் கடைசியில் நைட்ரஜனுக்குப் போக, சங்கிலி அறுகிறது. ட்ரிப்சினைப் போல நொதியே அடிமூலக்கூறோடு சகப்பிணைப்பில் ஒட்டிக்கொள்ளும் கட்டம் இதில் கிடையாது. ட்ரிப்சின் வகை நொதிகளை முடக்கும் பிஎம்எஸ்எஃப் போட்டாலும் இந்தப் பட்டை மறையாது என்பதற்கு இதுவே காரணம். அந்த ஒரு குளூட்டமேட்டைக் குளூட்டமினாக மாற்றினால் துத்தநாகம் அப்படியே இருக்கும், வெட்டு போய்விடும். (மூன்று ஹிஸ்டிடின், ஒரு குளூட்டமேட் என்ற இதே ஏற்பாடுதான் சுருட்டை விரியன் நஞ்சிலுள்ள எகாரினிலும். அது வெட்டுவது புரோத்ராம்பினை.)

ஆகவே 92 பட்டையைப் பார்த்து ‘செல்லில் எம்எம்பி-9 செயல்படுகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். அது எவ்வளவு இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. முன்துண்டு போனது 82 பக்கம் வரும். அதன் உறவு நொதியான எம்எம்பி-2க்கு இவை 72, 62. கீழ்ப்பட்டை எங்கே வரும் என்று காட்ட, ஒரு சாம்பிளை, முன்துண்டைப் போகச் செய்யும் ஏபிஎம்ஏவில் (1 மில்லிமோலார்) 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்து ஓட்டுங்கள். அது பாதரசச் சேர்மம், கழிவைத் தனியாகச் சேருங்கள். சாம்பிள் உள்ளபடியே எவ்வளவு வெட்டுகிறது என்று தெரிய வேண்டுமானால், எஸ்டிஎஸ் படாமல் ஒளிரும் பெப்டைடை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சாம்பிளைக் கொதிக்கவைக்கவோ டிடிடி, மெர்காப்டோஎத்தனால் சேர்க்கவோ கூடாது. அவை புரதத்தின் டைசல்ஃபைடுகளை (கந்தகப் பாலங்களை) உடைக்கும், உடைந்தால் திரும்ப மடிவது நடக்காது. போதாததற்கு டிடிடி துத்தநாகத்தையும் கவ்வும்.

கவ்வி

ஈடிடிஏ சேர்த்த இடம் தவறு. அது சிறிய மூலக்கூறு. ஓட்டும்போதே நீலச் சாயத்தோடு கீழே ஓடிவிடும். பிறகு கால்சியமும் துடைத்தெடுக்க முடியாத அளவு துத்தநாகமும் உள்ள பஃபரில் 18 மணி நேரம் கிடந்தால் நொதி இழந்ததை மீட்டுக்கொள்ளும். ஈடிடிஏ குழாயில் எடுத்த பிளாஸ்மாவிலும் சைமோகிராம் பட்டை வருவது இதனால்தான். அதே பிளாஸ்மாவை நேரடி ஒளிர்வு அளவீட்டில் போட்டால் ஒன்றும் தெரியாது.

ஓட்டி முடித்த ஜெல்லை லேன் லேனாக வெட்டுங்கள். ஒரு துண்டை ஊறவைக்கும் பஃபரில் 20 மில்லிமோலார் ஈடிடிஏ, கால்சியம் வேண்டாம். இதில் பட்டை மறைந்தாலும் துத்தநாகம் போனதால்தான் என்று சொல்லிவிட முடியாது, கால்சியமும் சேர்ந்தே போயிருக்கும். கால்சியம் இல்லாமல் இந்த நொதியின் மடிப்பு தளர்ந்துவிடும். அதனால் இன்னொரு துண்டுக்குத் துத்தநாகத்தைக் கவ்வும் 1,10-பினாந்த்ரோலின், 2 மில்லிமோலார். அது கால்சியத்தை ஏறக்குறையத் தொடுவதேயில்லை. இதற்கு ஜோடியாக 1,7-பினாந்த்ரோலின். உருவம் கிட்டத்தட்ட அதே, ஆனால் இரண்டு நைட்ரஜனும் ஒரே உலோகத்தைக் கவ்வ முடியாத கோணத்தில் இருக்கும். 1,10இல் மறைந்து 1,7இல் நின்றால் வழக்கு முடிந்தது. ஸ்டாக்கை எத்தனாலில் கரைத்து, வெறும் எத்தனாலுக்கு ஒரு துண்டு ஒதுக்குங்கள்.

ட்ரைட்டான் நுரையைப் போக்க நடுவில் ஒருமுறை பிபிஎஸ்சில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) அலசினால் வசதி.

டால்டன்72

பிபிஎஸ் வேண்டாமே. ஜெல்லுக்குள் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பின்னால் வரும் கால்சியத்தோடும் துத்தநாகத்தோடும் படிந்து ஜெல்லை வெளுப்பாக்கும். 2.5% ட்ரைட்டான் எக்ஸ்-100இல் 30 நிமிடம், பிறகு புதியதில் இன்னொரு 30 நிமிடம். அடுத்து ஊறவைக்கும் பஃபராலேயே 10 நிமிடம் அலசினால் போதும்.

மூன்றாவது கேள்வி. வினைமையத்துக்கு வேண்டியது ஒரே ஒரு துத்தநாக அயனி. கட்டமைப்பைத் தாங்க இன்னொன்று உண்டு, அது வேறு இடம். வெளியே மிதமிஞ்சி இருந்தால், இன்னொரு துத்தநாகம் வினைமையத்திலேயே வந்து ஒட்டி, நீர் வேலை செய்ய வேண்டிய இடத்தை அடைத்துவிடுகிறது. தெர்மோலைசினிலும் கார்பாக்சிபெப்டிடேஸ் ஏயிலும் இதைப் படிகக் கட்டமைப்பிலேயே பார்த்திருக்கிறார்கள். 1 மைக்ரோமோலார் போதும். நீங்கள் போட்டது அதற்கு ஆயிரம் மடங்கு.

பட்டை மங்கலாக இருந்தால் ஜிங்க்கைத் தொடாதீர்கள். ஜெலட்டின் 1 மில்லிகிராம்/மில்லிலிட்டர் இருக்கிறதா, ட்ரைட்டானை மாற்றினீர்களா, ஓட்டும்போது ஜெல் சூடானதா என்று பாருங்கள். ஜெலட்டினை ஜெல்லில் கலக்கும் முன் சூடான நீரில் முழுதாகக் கரைக்காவிட்டால் பின்னணி திட்டுத்திட்டாக வரும்.

ஜெல்தட்டு

நன்றி. செல்லே இல்லாத மீடியம் லேனிலும் 72 பக்கம் பட்டை வருகிறது. மீடியத்தில் 10% எஃப்பிஎஸ் (மாட்டுக் கருவின் சீரம்) உண்டு.

டால்டன்72

அது மாட்டின் எம்எம்பி-2. ஜெலட்டின் சைமோகிராம் பிகோகிராம் அளவையே காட்டிக்கொடுக்கும், சீரத்தைச் சும்மா விடுமா. செல்களை இரண்டு முறை அலசி (இந்த இடத்தில் பிபிஎஸ் தாராளமாக), சீரமில்லாத மீடியத்தில் 24 மணி நேரம் விட்டு எடுங்கள்.

மூன்றாம்_ஹிஸ்டிடின்

130 பக்கம் மெல்லிய பட்டை வந்தால் பதறாதீர்கள். ரத்த நியூட்ரோஃபில் சாம்பிள்களில் எம்எம்பி-9 என்ஜிஏஎல் என்ற புரதத்தோடு டைசல்ஃபைடால் பிணைந்து அங்கே நிற்கும். 200க்கு மேல் வருவது எம்எம்பி-9 தனக்குத்தானே பிணைந்தது. எடை குறிக்கும் மார்க்கர் டிடிடி சேர்த்து வாங்கியதானால் பக்கத்து லேனைக் காலியாக விடுங்கள். கசிந்தால் ஓர லேனின் பட்டை பாதியாய்த் தேய்ந்துவிடும்.