ஊருக்கு உரக்காசு எப்போது அனுப்புகிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

துவாஸ் மன்னை:
2021 சம்பா. சீனா உர ஏற்றுமதியை இறுக்கிய அந்த அக்டோபர் எல்லாருக்கும் நினைவிருக்கும். நான் ஆடியிலேயே பணம் அனுப்பிவிட்டேன். "நடவு நெருங்கட்டும்டா" என்று அப்பா வைத்திருந்தார். நடவு நேரத்தில் அடியுரமாகப் போடும் டிஏபி உரத்துக்குத் தட்டுப்பாடு. லோடு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு கூட்டுறவு சொசைட்டிக்கு ஓடினார்கள். தம்பி வீடியோ காலில் காட்டினான். வரிசையில் ஆளுக்குப் பதில் செருப்பு கிடக்கிறது. அப்பா முறை வந்தபோது ஆதார் கைரேகை மெஷினில் விரல் விழவில்லை. வேட்டியில் துடைத்து மறுபடி வைக்கிறார், விழவில்லை. பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். இங்கே சிங்கப்பூரில் டார்மிட்டரி கட்டிலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அம்மாவை வரவழைத்து அவர் விரலை வைத்துக் கொஞ்சம் கிடைத்தது. பாதி வயலுக்குத்தான் காணும். மண்ணில் தேய்ந்த அந்த விரலை என்னால் மறக்க முடியவில்லை.

ஈசூன் அக்கா:
எங்களுக்குத் தனியார் உரக்கடைதான் பக்கம். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் கூடவே நானோ யூரியா என்ற திரவ உரப் பாட்டிலும் எடுத்தால்தான் மூட்டை தருவேன் என்கிறார் கடைக்காரர். போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். மாட்டுக்கொட்டகை மாடத்தில் உடைக்காத பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. அண்ணனிடம் கேட்டால், "சண்டை போட்டா அடுத்த தடவை ஸ்டாக் இல்லைம்பான்" என்கிறார். என் சம்பளத்தில் போன பணம் அது.

குளுவாங் மருமகன்:
உங்களுக்காவது அச்சடித்த விலை இருக்கிறது. மாமனாருக்கு மலேசியாவில் ஜொகூரில் கொஞ்சம் செம்பனை, எண்ணெய்ப் பனை. 2022-இல் ரஷ்யா, உக்ரைன் போர் வந்து உரம் எட்டாத உயரத்துக்குப் போனது. விலை இறங்கட்டும் என்று அந்த வருஷம் போடவில்லை. மரம் உடனே ஒன்றும் காட்டாது. 2024-இல் அவரோடு தோட்டத்துக்குள் நடந்தேன். மட்டையை விலக்கி விலக்கிக் காட்டுகிறார். எங்கு பார்த்தாலும் ஆண் பூ, குலை இல்லை. மாமா ஒன்றும் பேசவில்லை. விலை இறங்கத்தான் செய்தது, ஆனால் அதற்குள் மரம் பட்டினி கிடந்துவிட்டது.

ஷென்டன் வே:
நான் உரம் வாங்கி விற்கும் கம்பெனியில் கப்பல் பேப்பர் பார்க்கிறேன். 2025 மார்ச்சில் அமெரிக்கா பெரும்பாலான கனடா சரக்குக்கு 25 சதவீத வரி போட்டது. அந்த வாரமே வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்துக்குள் வரும் சரக்குக்கு விலக்கு கொடுத்து, அதில் வராத பொட்டாஷ் உரத்துக்கு 10 என்று குறைத்தது. நவம்பரில் பல உரங்களுக்கு வரிவிலக்கு வந்தது. அந்த மார்ச் வாரம் எங்கள் ஆபீசில் ஒரு போனும் ஓயவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: இப்போது வாங்கவா, பொறுக்கவா?

மன்னை தம்பிக்குச் சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கேள்வியே இல்லை. யூரியாவுக்கு அரசு விலை. டிஏபியும் மானியத்தால் 50 கிலோ 1,350 ரூபாயில் நிற்கிறது. உலகச் சந்தையில் அடிபட்டால் அங்கே விலை ஏறுவதைவிடச் சரக்கு காணாமல் போவதுதான் அதிகம். அதனால் விலைச் செய்தியைப் பார்க்காதீர்கள், சீனா ஏற்றுமதிக் கதவைச் சாத்துகிறதா என்று பாருங்கள். சாத்தினால் உங்கள் டிஏபி சவூதி, மொராக்கோவிலிருந்து வர வேண்டும். நாளாகும். அடியுரத்தை நாற்று விடும்போதே வாங்கிப் பலகை மேல் அடுக்குங்கள். யூரியாவை அப்படிச் சேர்க்க வேண்டாம், ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். டிஏபி கிடைக்காவிட்டால் மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் அரை மூட்டை யூரியாவும் போடுங்கள். ஒரு மூட்டை டிஏபியின் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) கிட்டத்தட்ட அதில் வந்துவிடும். கந்தகம் கூடுதலாகக் கிடைக்கும். அப்புறம், மண் பரிசோதனை செய்தீர்களா? வருஷா வருஷம் டிஏபி போட்ட வயலில் மணிச்சத்து ஏற்கெனவே தேங்கியிருக்கலாம். அப்படியானால் குறைத்தே போடலாம். குளுவாங் நண்பர் கதை வேறு. அவர் மாமனார் மொத்தமாகக் காத்திருக்காமல் பாதியையாவது வாங்கிப் போட்டிருக்க வேண்டும்.

குளுவாங் மருமகன்:
பாதி வாங்கவும் அந்த வருஷம் கையில் காசு வேண்டுமே அண்ணே. மாமியாருக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது.

ஈசூன் அக்கா:
நாற்று விடும்போதே வாங்கு என்பது சொந்த நிலக்காரருக்குச் சரி. அண்ணன் குத்தகை. நிலத்தின் சிட்டா அவர் பெயரில் இல்லை, சொசைட்டி கடனும் கிடையாது. நான் அனுப்புவதுதான் கைமுதல். எனக்குச் சம்பளம் 7ஆம் தேதி, அவருக்கு நடவு எந்தத் தேதியோ. இந்த ஆவணியில், நட்ட பிறகு போடும் மேலுரத்துக்கான காசைத் தனியாக அனுப்பப் போகிறேன். அடியுரக் காசோடு சேர்ந்து போனால் டிராக்டர் வாடகைக்குப் போய்விடுகிறது.

துவாஸ் மன்னை:
ஷென்டன் அண்ணே, சூப்பர் பாஸ்பேட் எங்கள் பக்கம் கிடைக்கிறதா என்று தம்பியை இன்றைக்கே கேட்கச் சொல்கிறேன். அப்பாவின் கைரேகையை ஆதாரில் புதுப்பிக்கவும் சொல்லியிருக்கிறேன். அது முதலில் ஆகட்டும்.