பொதுத் தொட்டியில் ஏஞ்சல் மீன் முட்டைகளைக் காப்பது எப்படி?

கேள்வி (சுங்கை சிப்புட்)

வணக்கம். தோட்டத்து வீட்டின் முன்கூடத்தில் மூன்றடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். நான்கு ஏஞ்சல் மீன்கள், சில கப்பிகள், ஆறு கோரிடோராஸ் (அடியில் மேயும் சிறு கெளுத்தி), ஒரு பிளெக்கோ (உறிஞ்சுவாய்க் கெளுத்தி) ஆகியவை அதில் ஒன்றாக வாழ்கின்றன. இரண்டு மாதங்களில் மூன்று முறை ஓர் ஏஞ்சல் இணை அகன்ற இலையொன்றில் வரிசை வரிசையாக முட்டையிட்டது. பகலெல்லாம் இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காவல் காக்கின்றன. ஆனால் மறுநாள் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் புறப்படும்போது விளக்கைப் போட்டுப் பார்த்தால் இலை வெறுமையாக இருக்கிறது. கப்பிக் குஞ்சுகளும் ஒன்றிரண்டுக்கு மேல் மிஞ்சுவதில்லை. இன்னொரு பெரிய தொட்டி வாங்க இப்போது வசதியில்லை. வழியிருந்தால் சொல்லுங்கள்.

பதில் (பந்திங்)

பெரிய தொட்டி தேவையில்லை, சகோதரரே. இருட்டில் ஏஞ்சல் மீனுக்குக் கண் சரியாகத் தெரியாது. பிளெக்கோவோ இரவில்தான் மேயும். ஆகவே எனக்கு முதல் சந்தேகம் அதன்மீதுதான். முட்டையிட்டு முடித்த அன்று மாலையே அந்த இலையைக் காம்போடு நறுக்கி, அதே தொட்டி நீர் நிரப்பிய பத்து லிட்டர் பெட்டியில் சாய்த்து வைத்து, காற்றுக் கல்லின் குமிழிகள் முட்டைகள்மீது நேராக மோதாமல் பக்கத்தில் எழும்படி அமைத்துவிடுங்கள். நீர் வெளிர் நீலமாகும் அளவுக்கு மெத்திலீன் புளூ விட்டால் பூஞ்சை பரவாது. வெள்ளையாகிப் போன முட்டைகள் கெட்டவை, அவற்றைச் சொட்டுக்குழலால் எடுத்துவிட வேண்டும். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 28 பாகை அளவில், ஏறக்குறைய 60 மணி நேரத்தில் பொரிந்துவிடும். அதன்பின் நான்கைந்து நாள்கள் குஞ்சுகள் இலையில் ஒட்டியபடியே நெளிந்துகொண்டிருக்கும். வயிற்றிலுள்ள மஞ்சள் கரு தீரும்வரை உணவு போடாதீர்கள். நீந்தத் தொடங்கிய அன்றே உயிருள்ள ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சுகள் உணவாக வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் உப்பு கலந்து, அதில் ஆர்ட்டீமியா முட்டைகளைப் போட்டு, காற்று விட்டு வைத்தால், ஒரு நாளிலோ ஒன்றரை நாளிலோ அவை பொரியும். இதில் தாமதித்துத்தான் பலர் குஞ்சுகளை இழக்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் இழந்தேன்.

பதில் (கூலிம்)

தம்பி, மேலே சொன்ன வழி நல்லதுதான். ஆனாலும் முட்டையைப் பெற்றோரிடமிருந்து உடனே பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இளம் இணைகள் முதல் சில முறை தம் முட்டையைத் தாமே தின்பதுண்டு. பிறகு பழகிக்கொள்ளும் இணைகளும் உண்டு. தொட்டியின் ஒரு மூலையைப் பிளாஸ்டிக் வலையால் தடுத்து, அந்த இணையை மட்டும் உள்ளே விட்டு, இரவில் அறையில் மங்கலான விளக்கொன்றை எரியவிட்டுப் பாருங்கள். தாயும் தகப்பனும் குஞ்சுகளை வாயில் கவ்வி இலைக்கு இலை மாற்றுவதை உங்கள் பிள்ளைகள் ஒருமுறை கண்டால் மறக்கமாட்டார்கள். கப்பிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஜாவா பாசியையும் மிதக்கும் செடிகளையும் அடர்த்தியாக வைத்தால் சில குஞ்சுகளாவது அவற்றுக்குள் ஒளிந்து பிழைக்கும். ஏஞ்சல் உள்ள தொட்டியில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

பதில் (பந்திங்)

கூலிம் அம்மா சொன்ன விளக்கு யோசனையை நானும் ஏற்கிறேன். தோட்டத்தில் இருப்பவர் என்பதால் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். களைக்கொல்லி தெளித்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பும் போக நன்றாக அலசிய பிறகே கையை நீரில் விடுங்கள். டெங்கிக்காகப் புகையடிக்க வரும்போது காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியையும் குஞ்சுப் பெட்டியையும் ஈரத்துணியால் இறுக மூடி, புகை கலைந்ததும் மீண்டும் இயக்குங்கள். அந்த மருந்துகளில் பல மீனுக்குக் கடும் நஞ்சு. பம்பு ஓடினால் அந்தக் காற்றையே நீருக்குள் இறைக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரவில் பம்பை ஓடவிட்டே புகையடிக்க விட்டிருக்கிறேன். சென்ற மாதம் நான்கு கப்பிகள் ஒரே நாளில் செத்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. இன்று மாலை அந்த இணை மறுபடியும் இலையைக் கொத்திச் சுத்தம் செய்கிறது. வலைத்தடுப்பை இப்போதே போட்டுவிடுகிறேன். இம்முறையும் முட்டைகள் மறைந்தால் அடுத்த இலையைப் பெட்டிக்கு மாற்றுவேன்.