ஹலோவீன் பார்ட்டிக்கு மகளை அனுப்பலாமா?

வெள்ளவத்தை அம்மா:
மகள் படிக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஒக்டோபர் 31 ஹலோவீன் பார்ட்டியாம், பேய் வேஷத்தில் வரச்சொல்லி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம், கணவர் வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. அது புறஜாதிகள் பிசாசுக்குச் செய்த பண்டிகை, அனுப்பவே கூடாது என்று மாமி ஒற்றைக்காலில் நிற்கிறார். பிள்ளையோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். உண்மையில் இதன் வேர் என்ன? நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

சபைப் பிள்ளை:
அக்கா, மாமி சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மக்களின் சம்ஹைன் பண்டிகைதான் இதற்கு முந்தியது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவு, அன்றைக்கு ஆவிகள் நடமாடும் என்று நம்பினார்கள். குறி கேட்பதையும் செத்தவர்களிடம் விசாரிப்பதையும் வேதாகமத்தில் உபாகமம் 18 அருவருப்பு என்றே சொல்கிறது. விளையாட்டுக்கென்றாலும் இருட்டை அழகாக்கிப் பிள்ளைக்குக் காட்ட எனக்கு மனம் வராது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தங்கச்சி, வேரைப் பார்த்துத் தள்ளுவதென்றால் நத்தார் மரத்தையும் தள்ள வேண்டிவரும், தைப்பொங்கலுக்கு எங்கள் மாதா கோவிலில் பொங்கிப் பூசை வைப்பதையும் நிறுத்த வேண்டிவரும். 601இல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் இங்கிலாந்துக்குப் போன குருக்களுக்கு எழுதிய கடிதத்தில், அந்த மக்களின் கோவில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றிவிட்டுத் தீர்த்தம் தெளித்து அங்கேயே ஆராதனை செய்யுங்கள் என்றுதான் சொன்னார். ரோமையில் முன்பு மே 13இல் நினைவுகூரப்பட்ட புனிதர்களின் திருநாள், 9ஆம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபை முழுக்க நவம்பர் 1 என்று ஆனது. அப்படிப் பார்த்தால் ஒக்டோபர் 31 எங்களுக்கு அந்தத் திருநாளின் முந்தின இரவு.

இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2இல் மாதம்பிட்டி மயானத்துக்குப் போயிருப்பீர்கள்தானே. புல் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றில் அணையாமல் மெழுகுதிரியைக் கையால் மறைத்துக் கொளுத்தி, பாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்வரை பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி வைத்திருப்போம். செத்தவர்களை நினைப்பதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. எனக்குப் பொறுக்காதது அந்தப் பொய் இரத்தமும் கிழிந்த முகமும்தான். 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, இரத்தம் பூசிய சட்டையோடு ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு வருவதை இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டார் தாங்குவார்கள்? பண்டிகை எங்கேயிருந்து வந்தது என்பதை விட, பிள்ளை அன்றைக்கு எதைப் பார்த்துச் சிரிக்கப் பழகுகிறாள் என்பதைப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி:
நான் சைவம். ஆடி அமாவாசைக்கு முகத்துவாரம் கடலில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுப்பவன், அதனால் இறந்தவர்களுக்கென்று ஒரு நாள் இருப்பது எங்களுக்குப் புதுசு இல்லை. ஆனால் இப்போது இங்கே ஹோட்டல்களிலும் ஸ்கூல்களிலும் நடப்பது அயர்லாந்துக்காரர் செய்ததும் இல்லை. அவர்கள் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்காவுக்குக் குடியேறின பிறகுதான் பூசணிக்காய் வந்தது. நாங்கள் வாங்குவது கடைக்காரர் விற்கிற அமெரிக்கப் பதிப்பு, அதில் சம்ஹைனும் இல்லை, புனிதர்களும் இல்லை.

மெதடிஸ்ட் டீச்சர்:
மகள், 1 கொரிந்தியர் 10ஐ மாமியோடு சேர்ந்து வாசியுங்கள். சந்தையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு, ஆனால் இது சிலைகளுக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார் பவுல். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் மாமிதான். வகுப்பு டீச்சரிடம் பேசி, பேய் வேஷம் கட்டாயமா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. விண்வெளி வீராங்கனையாகவோ புனித லூசியாவாகவோ போகட்டும், அதையும் மாமியிடம் முதலே காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அதற்கும் அவர் ஒத்துவராவிட்டால் இந்த வருஷம் விட்டுவிடுங்கள், ஏன் விடுகிறோம் என்று பிள்ளைக்கு நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். பிசாசு பிடிக்கும் என்று மட்டும் பயப்படுத்த வேண்டாம்.