சங்கத் தோழர்களிடம் எப்படிப் பேசுவது?

தோழர்களே, ஒரு உதவி வேண்டும். நகர மன்றத்தில் வாடகைப் பிரச்சினையை எழுப்ப எங்கள் குயர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) குழு துண்டறிக்கை தயாரிக்கிறது, தொழிற்சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று போனால் "உங்க பிரச்சினை வேற" என்கிறார்கள். துணை யாரென்று தெரிந்ததும் காலி செய்யச் சொல்கிறவரும், நினைத்தபோது வாடகையை ஏற்றுகிறவரும் ஒரே ஆள்தானே! சான் பிரான்சிஸ்கோவில் 1970களில் கூர்ஸ் பீரை எதிர்த்து லாரி ஓட்டுநர் சங்கம் போராடியபோது, தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தலைவர் ஹார்வி மில்க் பேசித்தான் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பார்களில் அந்த பீர் விற்பதை நிறுத்தினார்கள். பிரிட்டனில் 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்துக்கு லெஸ்பியன், கே தோழர்கள் உண்டியல் குலுக்கினார்கள். 1985 லண்டன் பிரைடு ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கக் கொடியோடு வந்து நடந்தார்கள். இதை ஒரே பக்கத்தில், பாடம் எடுக்கிற தொனி இல்லாமல் எழுதித் தருவீர்களா? நாங்கள் எழுதினால் கல்லூரிக் கட்டுரை மாதிரி வருகிறது. அப்புறம், சங்கத்துக்குள்ளேயே இருக்கும் குயர் தோழர் யாராவது பேச வந்தால் ரொம்ப நல்லது.